இன்ஜினுக்கு வைத்த பொட்டு

சென்னையில் படிக்கும் மகள் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினாள். ஏதோ வெளிநாட்டுக்காரர் வீடு. சுவர் முழுக்கப் பித்தளைப் பல்சக்கரங்கள், செம்புக் குழாயை வளைத்துச் செய்த விளக்கு. மூலையில் ஒரு சின்ன மேடை, அதில் இலை, பூ, கல், மெழுகுவர்த்தி. "அப்பா, இந்த அலங்காரத்துக்குப் பேரு ஸ்டீம்பங்க். இவங்க பேகன் வழிபாட்டுக்காரங்க. ரெண்டையும் கலந்துதான் தினப்படி வாழறாங்களாம்"னு எழுதியிருந்தாள்.

பேகன் என்றதும் எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரில்லையாம். லத்தீனில் நாட்டுப்புறத்து ஆளுக்கு 'பகானுஸ்' என்று பேர். கிறிஸ்தவம் பரவிய பிறகும் பழைய சாமிகளை விடாதவர்களை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்று மேற்கு நாடுகளில் சிலர் மரத்தையும் ஆற்றையும் நிலாவையும் கும்பிட்டு, அந்தப் பேரைத் தாங்களே விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். ஸ்டீம்பங்க் இன்னும் புதுசு. 1987-ல் கே.டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் உருவாக்கிய சொல். நீராவிக் காலத்து இயந்திரங்களை வைத்து எழுதும் கற்பனைக் கதைகளுக்கு வைத்த பேர், பிறகு உடைக்கும் விளக்குக்கும் கடிகாரத்துக்கும் பரவிவிட்டது.

"நம்ம கொட்டாய்க்கு வந்து பாரு"ன்னு விளையாட்டாகப் பதில் போட்டேன். போட்ட பிறகுதான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்க ஊருக்கு நீராவி பழைய சொந்தம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்றது வாலாஜா ரோட்டில்தான். சுமார் நூறு கிலோமீட்டர். இந்தப் பக்கத்துக் கழனிகளில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணி இறைத்த காலம் அது. சாலின் அடியில் தைத்திருக்கும் தோல் வால் கிழிந்தால் அன்றைக்குப் பாசனம் நின்றது.

கவலைக்குப் பிறகு எங்க கிணத்துக்கு வந்தது ஆயில் இன்ஜின். அப்பா வாங்கியது. ஒத்தை சிலிண்டர், ரெண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் பிளைவீல். டீசலில் ஓடுவதுதான், ஆனால் தலைமேல் இருக்கும் தொட்டித் தண்ணி சூடாகி ஆவி கிளம்பும்போது குட்டி ரயில் மாதிரியே இருக்கும். வால்வைத் தூக்கிப் பிடித்து, ஹேண்டிலைப் போட்டு வேகமாகச் சுற்றி, சட்டென்று வால்வை விட்டால் டுப்... டுப்... டுப்டுப்டுப். கறுப்புப் புகை.

கிணத்தங்கரையில் வேப்பமரத்தடியில் ஏழு கல். கன்னிமார். இன்ஜின் தள்ளும் முதல் தண்ணியை ஒரு சொம்பில் பிடித்து அந்த ஏழு கல்லுக்கும் ஊற்றிவிட்டுத்தான் அப்பா மடையைத் திறப்பார். எந்த ஐயரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பூரா இன்ஜினோடுதான் போகும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பிசுக்கு எடுப்போம். நட்டு ஒவ்வொன்றையும் துடைப்போம். அப்படித் துடைக்கும்போதுதான் லூஸான நட்டு தெரியும், எண்ணெய் கசியும் இடம் தெரியும், பெல்ட்டில் வெடிப்பு தெரியும். பொட்டு வைக்கப் போன விரல்தான் பழுதைக் கண்டுபிடிக்கும். அப்புறம் சந்தனம், குங்குமம், பொரி, கடலை, பூசணிக்காய். சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரனைச் சொன்னால் போதும். புது வண்டி வாங்கினால் நேராக அங்கேதானே போகிறீர்கள்?

அந்த இன்ஜினுக்கு ஓர் எல்லை இருந்தது. தண்ணி மட்டம் பம்புக்குக் கீழே இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் போனால் உறிஞ்சாது. அது கம்பெனிக் குறை கிடையாது, காற்றழுத்தக் கணக்கு. கிணத்துக்குள் மேடை கட்டி இறக்கிப் பார்த்தோம். பாலாறு வருஷக்கணக்கில் காய்ந்து கிடக்க, தண்ணி அதற்கும் கீழே போனது. போர் போட்டோம். சப்மெர்சிபிள் வந்தது. அதற்கு ஆயுத பூஜை வந்தபோது அம்மா குங்குமத்தோடு நின்று கேட்டாங்க: "இன்னாடா, மோட்டாரு எங்க கீது?" பல நூறு அடிக்குக் கீழே. கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பொட்டு வைத்தோம். சத்தமில்லை, புகையில்லை, தண்ணி எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் தெரிவதில்லை. சுவிட்சு, அவ்வளவுதான். ஆயில் இன்ஜின் திணறும்போதே நமக்குத் தெரிந்துவிடும், பூமி போதும் என்கிறது என்று.

2021 நவம்பரில் பாலாற்றில் பெரிய வெள்ளம் வந்ததே, அப்போது எங்க கிணறு மேல்மட்டம் வரை ஊறியது. சும்மா கிடந்த இன்ஜினைத் துடைத்து, பம்புக்குத் தண்ணி ஊற்றிச் சுற்றினேன். ஏழாவது தடவை பிடித்தது. அம்மா சொம்போடு ஓடி வந்தாங்க.

இந்த வருஷம் போர் வற்றிவிட்டது. இன்னும் ஆழப்படுத்தப் பணம் வேணும். காயலான் கடைக்காரர் இன்ஜினைக் கிலோ கணக்கில் கேட்டார். அதற்கடுத்த வாரம் ஹோட்டல்களுக்கு உள்ளலங்காரம் செய்யும் ஒருவர் பிளைவீலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதைப்போல மூணு மடங்கு சொன்னார். சுவரில் மாட்டுவாராம். மகள் அனுப்பிய போட்டோவில் இருந்தது போலத்தான். எனக்குச் சபலம் தட்டியது, மறைப்பதற்கில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாங்க. அவர் போனதும் ரெண்டு வளையலைக் கழற்றி என் கையில் வைத்தாங்க. "இத அடகு வெச்சா மீட்டுக்கலாம். அத வித்தா மீட்க முடியாது."

வளையல் இப்போது சொசைட்டியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் போரை ஆழப்படுத்தவில்லை. கிணத்தைத் தூர் வாரி, வரப்போரம் மழைத்தண்ணி உள்ளே இறங்க வாய்க்கால் வெட்டினேன். நெல்லை விட்டுட்டு இந்தப் பட்டத்துக்குக் கேழ்வரகு போட்டிருக்கிறேன். லாபமா நஷ்டமா என்று அறுப்பு முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

அந்த வெளிநாட்டு வீட்டுக்காரரை நான் கேலி செய்யவில்லை. அவர் தேடிப் போய்ச் சேர்த்தது எங்க கொட்டாயில் தானாகக் கிடந்தது, கண்டுகொள்ளாமல் விற்கப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு மகள் வருகிறாள். ஹேண்டில் சுற்றக் கற்றுக்கொள்ளணுமாம். நீங்களும் வாங்க, பொரி இருக்கு. வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுட்டு வராதீங்க.