ஆயாவோட சொம்பும் ஒரு இரும்பாணியும்

வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் தன் வீட்டு ஷெட்ல, பூவேலைப்பாடு செதுக்கின பழைய ரிவால்வருக்கு நிக்கல் பூசுற வீடியோ ஒண்ணு பார்த்தேன். கரண்ட் இல்ல, ஒயர் இல்ல. சூடான பச்சைத் தண்ணியில முக்கி எடுக்குறார், வெள்ளி மாதிரி மின்னுது. வியாசர்பாடியில நான் ரிவால்வருக்கு எங்க போறது? லைசென்ஸ் இல்லாம கையில வெச்சிருந்தாலே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்து நிக்கும். ஆனா செதுக்கின பொருள் ஒண்ணு எங்க வீட்லயும் இருந்தது: ஆயாவோட பித்தளைச் சொம்பு.

தாத்தா பின்னி மில்லுல இருந்தப்போ போனஸ் பணத்துல வாங்கினது. கடைக்காரர் சின்ன உளியால புள்ளி புள்ளியா ஆயா பேரை வெட்டிக் கொடுத்திருக்கார். ஐம்பது வருஷமா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சதுல, கடைசி ரெண்டு எழுத்து விரலால தடவினாத்தான் தெரியும். பாலிஷ் கடையில கேட்டேன். "பஃப் போட்டா பளபளன்னு ஆயிடும் தம்பி, பேரு போயிடும்"னார்.

இங்கதான் அந்த ரிவால்வர் ஞாபகம் வந்தது. கரண்ட் விட்டுப் பூசினா உலோகம் விளிம்புலயும் மேட்டுலயும் தடிமனா ஏறும், பள்ளம் பட்டினி கிடக்கும். எலக்ட்ரோலெஸ் முறையில கரண்டே கிடையாது. சோடியம் ஹைப்போபாஸ்பைட் எலக்ட்ரானைக் கொடுக்குது, நிக்கல் அயனி உலோகமா படியுது. தண்ணி தொடுற இடமெல்லாம் ஒரே தடிமன், எழுத்து எழுத்தாவே நிக்கும். இதைக் கண்டுபிடிச்சதே ஒரு தற்செயல்தான். அமெரிக்காவோட நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல ஆப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிட்டெல்லும் குழாயோட உட்பக்கத்துக்குக் கரண்ட் வெச்சு முலாம் பூசிட்டிருந்தாங்க. கரைசல் கெடாம இருக்க ஹைப்போபாஸ்பைட் சேர்த்தா, கரண்ட் போகாத வெளிப்பக்கமும் பூசிக்கிச்சு. 1946ல அதை வெளியிட்டாங்க. (நம்ம ஊர்ல இந்த மாதிரி வேலைக்குன்னே காரைக்குடியில சிக்ரி இருக்கு, அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்துல 1953ல திறந்தது. கெமிக்கல் படிக்கிறவங்க ஒரு தடவையாவது போய்ப் பாருங்க.)

பாரிமுனைப் பக்கம் நிக்கல் சல்பேட் வாங்கினேன். லிட்டருக்கு 30 கிராம், கூட ஹைப்போபாஸ்பைட், சோடியம் அசிட்டேட். பிஎச் 4.8. மொட்டை மாடியில இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணிச் சட்டிக்குள்ள பெரிய கண்ணாடி பீக்கர், 88 டிகிரி. கையுறை, கண்ணாடி, மாஸ்க் எல்லாம் போட்டேன். நிக்கல் உப்பு தோலுக்கும் ஆகாது, நுரையீரலுக்கும் ஆகாது, அதனால சமையக்கட்டுப் பக்கமே கொண்டு போகாதீங்க. சொம்பை ஆயாவே புளி போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தாங்க. எதுக்குன்னு முழுசா சொல்லல நான். "பாலிஷ் பண்றேன் ஆயா"ன்னு மட்டும்தான்.

முக்கினேன். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஒரு குமிழி இல்ல. நாற்பது நிமிஷத்துல என் நம்பிக்கையும் ஆவியாயிடுச்சு. காலேஜ் லேப் அண்ணனுக்கு போன் போட்டேன். சிரிச்சார். "பித்தளை தானா ஆரம்பிக்காதுடா. இரும்பாணியால ஒரு தடவை தொடு."

தொட்டேன். ஆணி பட்ட இடத்துலேர்ந்து சரசரன்னு ஹைட்ரஜன் குமிழி கிளம்பிச்சு. இரும்பு கரைசலுக்குள்ள தன் எலக்ட்ரானைப் பித்தளைக்குத் தள்ளுது, அதுல முதல் நிக்கல் படலம் விழுது. அதுக்கப்புறம் நிக்கலே நிக்கலுக்கு வினையூக்கி, ஆணியை எடுத்துடலாம். செமஸ்டர்ல 'ஆட்டோகேட்டலிடிக்'னு எழுதி மார்க் வாங்கினவன்தான் நான். அது என்னன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு மைக்ரான் ஏறியிருக்கும். வெளிச்சத்துல சாய்ச்சா ஆயா பேர் முழுசா தெரிஞ்சது, கடைசி ரெண்டு எழுத்து உட்பட. நான் மாடியில தனியா நின்னு கத்தினேன்.

அப்புறம்தான் உள்ள பார்த்தேன். சொம்புக்குள்ள ஈயம் பூசியிருந்தது. ஈயம் இந்த வினைக்கு விஷம், அதனால அங்கெல்லாம் படியல. ஈயம் தேய்ஞ்சு பித்தளை தெரிஞ்ச இடத்துல மட்டும் திட்டுத் திட்டா கருப்பு வெள்ளையா நிக்கல். உள்ள ஆணி படவே இல்லையேன்னு கேப்பீங்க. வெளியில ஆரம்பிச்சது வாய் விளிம்பைத் தாண்டி உள்ள இறங்கிடுச்சு. விளிம்பை மெழுகால அடைச்சு, உள்பக்கத்துல கரைசல் படாம பண்ணியிருக்கணும். தோணல.

ஆயா சொம்பை வாங்கி, பேரைத் தடவினாங்க. "நல்லாத்தான் இருக்கு, எவர்சில்வர் மாதிரி"ன்னாங்க. அப்புறம் தண்ணி மொள்ளப் போனாங்க. நான் கையைப் பிடிச்சேன்.

"இதுல குடிக்கக் கூடாது ஆயா."

"எப்போ குடிக்கலாம்?"

பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. பூசினதை உரிக்கலாம், நைட்ரிக் அமிலம் வேணும், அது பித்தளையையும் சேர்த்துத் தின்னும், பேர் முதல்ல போகும். திரும்ப ஈயம் பூசலாம்னா, தெருவுக்குள்ள கூவிக்கிட்டு வர்ற ஈயம் பூசுறவரை நான் சின்ன வயசுல பார்த்ததோட சரி.

மிச்சமிருந்த மூணு லிட்டர் பச்சைத் தண்ணியை அம்மா பாத்ரூம்ல ஊத்தச் சொன்னாங்க. எங்க தெருத் தண்ணி கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போகுது, அங்கேர்ந்து பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல். அதுக்கு ஏற்கெனவே போதுமான நிறம் இருக்கு. கேன்ல அடைச்சு லேப்புக்கு எடுத்துட்டுப் போனேன். பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு, ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் மூடியை அழுத்திப் பிடிச்சேன்.

ஆயா இப்போ பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி குடிக்குறாங்க. சொம்பு சாமி அலமாரியில இருக்கு, சில்லறை போட்டு வெச்சிருக்காங்க. வீட்டுக்கு யாராவது வந்தா எடுத்துக் காட்டி, "எங்க பேரன் பண்ணது"ன்றாங்க. அப்போ நான் வழக்கமா மாடிக்குப் போயிடுவேன்.