கடப்பாடும் கடந்து செல்லுதலும்

சொல்லாராய்ச்சி புலவர்க்கே உரியதென்று ஒருகாலத்தில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது இலக்கண நூல் எதுவுமன்று. அமெரிக்க நகரசபையொன்றின் கூட்டமேயாகும்.

2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்படிப்பின் பொருட்டு அந்நாட்டின் சிறு நகரொன்றிலே தங்கியிருந்தேன். ஆங்குக் கேபிள் தொலைக்காட்சிச் சேவை ஒரேயொரு கம்பனியின் கையில் இருந்தது. புதிய கம்பனியொன்று உரிமம் கேட்டு வந்திருப்பதாகவும், அதுபற்றிப் பொதுமக்கள் கருத்துக் கூறலாமென்றும் அறிந்து கூட்டத்துக்குச் சென்றேன். போட்டி வந்தாற் கட்டணம் குறையும். இதில் விவாதிக்க என்ன உண்டு என்பதே அன்று என் நினைப்பு.

விவாதம் ஒரே நிபந்தனையைப் பற்றியதாய் இருந்தது. புதிதாய் வருபவர் நகரின் எல்லா வீதிகளிலும் குறித்த ஆண்டுகளுக்குள் கம்பியிட்டுத் தீரவேண்டுமெனச் சபை கேட்டது. கம்பனியின் சட்டத்தரணி மறுத்தார். அவருடைய வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. முதலில் வந்த கம்பனிக்குப் போட்டி இருக்கவில்லை. கேபிள் விரும்பிய வீடெல்லாம் அதற்கே வாடிக்கையாயிற்று. பின்னால் வருபவர்க்கோ அவ்வீடுகளில் ஒரு பங்கே கிடைக்கும். ஆனால், நூறு வீடு சேர்ந்தாலும் பத்து வீடு சேர்ந்தாலும் வீதியில் ஒரு மைல் கம்பியிடும் செலவு ஒன்றே. முழு நகரையும் சுமக்கச் சொன்னால் நாங்கள் வரமாட்டோம். பழைய கம்பனியின் தனியாட்சியே நிலைக்கும் என்றார் அவர்.

அப்பொழுது பின்வரிசையிலிருந்து மூதாட்டி ஒருவர் எழுந்தார். புகையிரதப் பாதைக்கு அப்பால் வறியோர் பகுதியிற் குடியிருப்பவர். “இந்தப் போட்டி எங்கள் பக்கத்துக்கும் வருமா, குன்றின்மேல் உள்ள வீடுகளுக்கு மட்டுந்தானா?” என்று கேட்டு அமர்ந்தார். சட்டத்தரணி நெடுநேரம் விடை கூறினார். ‘ஆம்’ என்று மட்டும் கூறவில்லை. நானோ குன்றின்மேல், பல்கலைக்கழகத்துக்கு அருகே குடியிருந்தேன். கருத்துக் கூற எனக்கும் இடமிருந்தது. குறைந்த கட்டணத்தை எண்ணி வாளாவிருந்தேன்.

அக்கேள்வி என்னைச் சட்டநூல்களிடம் அனுப்பியது. வருமானம் குறைந்த பகுதி என்ற காரணத்தால் அங்குள்ளோர்க்குக் கேபிள் சேவை மறுக்கப்படலாகாது என 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. போட்டியாக வரும் கம்பனிக்கு நியாயமின்றி உரிமம் மறுக்கலாகாது என்றது 1992ஆம் ஆண்டுச் சட்டம். முன்னது ஏழையின் வாசலைக் காத்தது; பின்னது புதியவருக்கு வாசலைத் திறந்தது. இவ்விரண்டும் மோதும் இடமே அம்மூதாட்டியின் வீதி.

2005இல் டெக்சாஸ், உரிமம் வழங்கும் பொறுப்பை மாநிலத்திடமே எடுத்துக்கொண்டு, முழு நகருக்கும் கம்பியிடும் கடப்பாட்டை விலக்கியது. 2006இற் கலிபோர்னியா நடுவழியொன்றைக் கண்டது: பெருந் தொலைபேசிக் கம்பனி தன் தொலைக்காட்சிச் சேவையைக் கொண்டுசெல்லும் வீடுகளுள், 3 ஆண்டுகளில் நூற்றுக்கு 25உம், 5 ஆண்டுகளில் 30உம் வருமானம் குறைந்த குடும்பங்களுடையனவாக இருத்தல் வேண்டும். அவ்வாண்டு டிசெம்பரிலே கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு, இக்கடப்பாட்டை நியாயமற்ற அளவிற் சுமத்துவது உரிமத்தை மறுப்பதற்கு ஒப்பாகுமென, மூவர் ஆதரிக்க இருவர் எதிர்க்கத் தீர்மானித்தது. 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது.

எனினும், பெரிய நகரம் பெரிய நிபந்தனை கேட்க வல்லது. 2008இல் நியூயோர்க் மாநகரம் வெரைசன் கம்பனியோடு செய்த உடன்படிக்கையில், 2014இன் நடுப்பகுதிக்குள் எல்லாக் குடியிருப்புகளையும் ஒளிநார்க் கம்பி ‘கடந்து செல்ல’ வேண்டுமென எழுதப்பட்டது. தவணை முடிந்தபின், கடமை நிறைவேறியது என்றது கம்பனி; நிறைவேறவில்லையென 2017இல் வழக்குத் தொடுத்தது மாநகரம். ‘கடந்து செல்லுதல்’ என்பதன் பொருளே பூசலின் மையமாயிற்று. கட்டடத்தின் முன்புறத்திலோ பின்புறத்திலோ கம்பி வந்திருத்தல் வேண்டும் என்பது மாநகரத்தின் உரை. இணைக்கக்கூடிய அண்மையில் ஓடினாற் போதும் என்பது கம்பனியின் உரை. 2020 நவம்பரில் இணக்கம் ஏற்பட்டது: 2023 யூலைக்குள் மேலும் 5 இலட்சம் குடும்பங்களுக்கு வழிசெய்யக் கம்பனி உடன்பட்டது.

உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு இருபொருள் கண்டால் நமக்குச் சுவை மிகுகின்றது. உடன்படிக்கையில் ஒரு சொல் இருபொருள் கொண்டாலோ, வீடுகள் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றன. சட்டத்தரணியின் கணக்குப் பொய்யன்று. ஆயினும் அக்கணக்கிற்கு விடையாக வேண்டியது நீண்ட தவணை, படிப்படியான வளர்ச்சி, ஐயத்துக்கு இடமற்ற வாசகம் ஆகியனவேயன்றிக் கடப்பாட்டையே கைவிடுதல் அன்று.

நான் இருந்த நகரில் மறு ஆண்டு அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. முதலிற் கம்பியிடப்பட்டது என் வீதியிலேயே. நான் ஊர் திரும்பிய நாள்வரை அது புகையிரதப் பாதையைத் தாண்டவில்லை.