குச்சி குதிரையாகும் கணம்

வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்ட கிஜுபாய் பதேகா, 1920இல் பாவ்நகரில் பால மந்திர் ஒன்றைத் தொடங்கினார். மாண்டிசோரி முறையைக் குஜராத்தி மண்ணுக்கேற்ப மாற்றி, கதை, பாட்டு, ஆட்டம் வழியே கற்பித்தார். ‘மீசை வைத்த தாய்’ என்றே மக்கள் அவரை அழைத்தனர்.

குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும்போது, பொருளிலிருந்து அர்த்தம் பிரிகிறது என்றார் வைகோட்ஸ்கி. எழுத்தும் அத்தகையதே: ஒரு கோட்டை ஒலியாக ஏற்கும் உடன்பாடு. ஆகவே, விளையாடும் குழந்தை எழுத்தறிவின் முதற்படியில் ஏற்கெனவே நிற்கிறது. அதுவும் தன் வீட்டுமொழியில்.

2023இல், 3 முதல் 8 வயதினருக்கென ‘ஜாதூயி பிடாரா’ என்னும் விளையாட்டுப் பெட்டி அறிமுகமாயிற்று. பொம்மைகள் உடைந்துவிடுமென அஞ்சி அதை அலமாரியில் பூட்டிவைக்கும் வகுப்பறையில், பலகையைப் பார்த்து எழுதும் குழந்தைக்குக் கோடு, கோடாகவே நின்றுவிடுகிறது.