நாயுடுபேட்டை ரூட்டரும் தாத்தாவின் குரலும்

போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து வீட்டு சர்வரைத் திறக்க முடியவில்லையா? இது உங்களுக்குத்தான்.

அப்பா பேசிய கேசட்டுகளை நாயுடுபேட்டை வீட்டுக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். என் மகள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. நியூஜெர்சியிலிருந்து அவள் அதைக் கேட்க வேண்டும். வேறு எங்காவது ஏற்றலாம்தான். "அவர் குரல் நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்டா" என்றுவிட்டார் அம்மா.

லீவில் போனபோது உட்கார்ந்தேன். கணினிக்கு 192.168.1.10 என்று மாறாத முகவரி, வெளியிலிருந்து 443ஆம் போர்ட்டுக்கு வருவதை அதற்குத் திருப்பிவிடுவது. பத்து நிமிட வேலை. ஆனால் அதற்கு முன் ரூட்டரில் 'வான் ஐபி' (வானம் இல்லைங்க!) என்னவென்று பாருங்கள். எங்களுடையது 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிப்பவை, இணைய நிறுவனங்களின் உள்வலைக்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. அதனால் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி. தெருவுக்கே ஒரு தபால்பெட்டி மாதிரி. நம் ரூட்டரில் என்ன மாற்றினாலும் கடிதம் அந்தப் பெட்டியிலேயே நின்றுவிடும்.

தனி நிலையான ஐபி கேட்டு வாங்கினோம், கூடுதல் காசுதான். ஐபிவி6 இருந்தால் ஃபயர்வாலில் அனுமதித்தாலே போதும். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தை மட்டும் வெளியே திறந்துவிடாதீர்கள், சாமி. ஒரு கதவு திறந்தாலே எங்கிருந்தெல்லாமோ தட்டுகிறார்கள்!

இப்போது ஒரே சிக்கல். அம்மா படுக்கப் போகும்போது ரூட்டரையும் அணைத்துவிடுகிறார். இங்கே அப்போது மத்தியானம்.