மெக்கானிக் எதிரில் மட்டும்

என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விசித்திர குணம் இருந்தது. சில நாள் வீட்டு வாசலில் எத்தனை உதைத்தாலும் உயிர் வராது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஒரே உதையில் கிளம்பும். பிளக், காயில், கண்டென்ஸர் எல்லாம் மாற்றியாயிற்று.

"காசு பிடுங்க ஒரு வித்தையா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

மறுநாள் காலை வீட்டுக்கே வந்தார். பூட்டுவதற்காக நான் இடப்பக்கம் திருப்பி வைத்திருந்த ஹாண்டிலைச் சற்று நேரம் பார்த்தார். பூட்டைத் திறந்து, நேராக்கி உதைத்தார், கிளம்பிற்று. மறுபடி திருப்பினார், நின்றது. ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர், ஹாண்டில் திரும்பும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. மேலே கீறல்கூட இல்லை.

புது ஒயர் வைத்து முடுக்கினார்.

"கூலி?" என்றேன்.

"ஒயருக்கு மட்டும் கொடுங்க, சார்."

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.