பயணம் புறப்படுமுன்



இந்த மாதத்தில் நம் சபையிலிருந்து மூவர் வியாபார நிமித்தமாகக் கடல் கடந்து செல்கின்றனர். ஒருவர் ஆத்தங்குடிக் கற்களுக்கு ஆர்டர் பேசக் கொழும்புக்கும், ஒருவர் துபாய்க்கும், மற்றொருவர் கோலாலம்பூருக்கும் போகிறார்கள். மூவருக்காகவும் ஞாயிறு ஆராதனையில் ஜெபித்தோம். ஜெபம் முடிந்தபின் அவர்களில் ஒருவரிடம், "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம் ஐயா. கர்த்தர் நடத்துவார்" என்றார். அருகில் நின்றிருந்த அவருடைய மனைவி ஒன்றும் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சகோதரியின் மௌனத்திற்காகவே இவ்வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

வேதத்தில் இரண்டு பயணங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அர்தசஷ்டா ராஜாவின் ஏழாம் ஆண்டில் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் போகிறார். அதே ராஜாவின் இருபதாம் ஆண்டில் நெகேமியா சூசானிலிருந்து எருசலேமுக்குப் போகிறார். எபிரெய வேதாகமத்தில் இவ்விரு நூல்களும் முற்காலத்தில் ஒரே நூலாகவே இருந்தன. ஆகையால் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நம்முடைய கற்பனையல்ல.

எஸ்றா ராஜாவிடம் படைவீரரைக் கேட்க வெட்கப்பட்டார். தேவன் தம்மைத் தேடுகிறவர்களைக் காப்பார் என்று ராஜாவின் முன் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்ததே காரணம். அகாவா நதியருகே உபவாசம் கூறி ஜெபித்துவிட்டுப் புறப்பட்டார். "காவல் வேண்டாம், ஜெபம் போதும்" என்று சொல்லுகிறவர்கள் எட்டாம் அதிகாரத்தில் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தொடர்ந்து வாசியுங்கள். உபவாசம் முடிந்தவுடன் அவர் ஆசாரியரில் பன்னிரண்டு பேரைப் பிரித்தெடுத்து, வெள்ளியையும் பொன்னையும் பணிமுட்டுகளையும் நிறுத்து அவர்கள் கையில் ஒப்புவிக்கிறார். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம் அது. எருசலேமை அடைந்து மூன்று நாள் இளைப்பாறி, நான்காம் நாளில் மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்து எண்ணி, நிறையை எழுதி வைக்கிறார்கள். படைவீரரை வேண்டாம் என்றவர் எடைத்தட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தனை பொருளும் ஒரே மனிதனுடைய பொறுப்பில் போகவுமில்லை.

நெகேமியாவோ நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதங்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ராஜா அனுப்பிய சேர்வைக்காரரையும் குதிரைவீரரையும் மறுக்காமல் கூட்டிச்சென்றார். ஊர் சேர்ந்தபின் மூன்று நாள் அமைதியாக இருந்து, இராக்காலத்தில் சிலரோடு மாத்திரம் சென்று அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். தம் எண்ணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருவர் காவலைத் தவிர்த்தார், மற்றவர் ஏற்றுக்கொண்டார். ஆயினும் தங்களைக் காத்தது தேவனுடைய கரமே என்று இருவரும் ஒரே விதமாக எழுதுகிறார்கள். ஆயத்தமின்றிப் போனவர் இருவரில் ஒருவருமில்லை.

பவுலைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீரியாவுக்குக் கப்பலேற இருந்த வேளையில் தமக்கு விரோதமான சதியை அறிந்து, மக்கெதோனியா வழியாகப் பாதையை மாற்றிக்கொண்டார். எருசலேமில் அவருடைய சகோதரியின் குமாரன் கொண்டுவந்த செய்தியை அற்பமாக எண்ணாமல் சேனாபதியிடம் அனுப்பினார். அந்த இரவிலேயே 200 காலாட்களும் 70 குதிரைவீரரும் 200 ஈட்டிக்காரரும் துணைவரப் பட்டணத்தைவிட்டு வெளியேறினார்.

நம் ஊருக்கு வருவோம். மானகிரியிலோ, காரைக்குடியிலோ, கானாடுகாத்தானிலோ பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைக் கடந்து செல்லும்போது, அவற்றைக் கட்டிய பணம் எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்த்திருப்பீர்கள். நகரத்தார் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் அந்நிய நகரத்தில் ஒரு வியாபாரி எப்படிப் பத்திரமாக வாழ வேண்டும் என்பதை அவர்களைப்போல் ஒழுங்குபடுத்தியவர்கள் குறைவு. இவ்வுலகத்தின் பிள்ளைகளுடைய விவேகத்தைக் கர்த்தரே உவமையில் சுட்டிக்காட்டியிருக்கிறாரே.

ரங்கூனுக்கோ பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ முதன்முறை சென்ற பையன் எங்கே படுப்பது என்று தேடவேண்டியதில்லை. கிட்டங்கி இருந்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவில் வரிசையாகக் கிட்டங்கிகள் இருந்தன. ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிறு இடம், ஒரு மேசைப்பெட்டி, ஓர் இரும்புப் பெட்டகம். பகலில் தொழில் நடந்த இடத்திலேயே இரவில் படுக்கை. சமையல் பொது. ஒருவன் இரவு வரவில்லையென்றால் பக்கத்துப் பாய்க்காரனுக்குத் தெரிந்துவிடும். பெட்டியடிப் பையனாகச் சென்றவன் அடுத்தாளாகி, பின்பு மேலாள் ஆவான். தனித்து முடிவெடுக்கும் முன் பல ஆண்டுகள் மூத்தவரின் கண்காணிப்பில் இருந்தான். தவணை ஏறக்குறைய மூன்று ஆண்டு. பணம் மடியில் போகாமல் உண்டியலாகப் போனது. ஊருக்குக் கணக்கும் கடிதமும் தவறாமல் வந்தன. ஊரார் கூடும் இடமாக ஒரு கோவில் இருந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் அவர்கள் 1859-ல் எழுப்பிய தண்டாயுதபாணி கோவில் இன்றும் உள்ளது. தங்குமிடம், துணை, பணம், செய்தி, கூடுமிடம் ஆகிய ஐந்தையும் அவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை.

ஆயினும் அந்த ஏற்பாடு எல்லா ஆபத்தையும் தடுத்ததா என்றால், இல்லை. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும், தமு, இம்பால் வழியாகவும் நடந்தே திரும்பினர். பலர் வழியிலேயே மாண்டனர். தொண்ணூறை நெருங்கும் ஒரு தாயார் நம் சபையில் இருக்கிறார். அவருடைய தகப்பனார் ரங்கூனில் ஒரு கடையின் சமையற்காரராக இருந்தவர். முதலாளி வீட்டாருக்குக் கடையின் விலாசமும் கூட்டாளிகளின் பெயர்களும் தெரியும். சமையற்காரரின் மனைவிக்கு 'ரங்கூன்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. எந்தத் தெரு, யாரோடு புறப்பட்டார், எந்த வழி என்று விசாரிக்க அவரிடம் நூல்நுனிகூட இல்லை. அவர் திரும்பி வரவேயில்லை. "நினைவு நாள் என்று ஒன்றை வைத்துக்கொள்ளத் தேதிகூட இல்லையே ஐயா" என்று அந்தத் தாயார் என்னிடம் சொன்னார். பயண ஏற்பாடு போகிறவரைக் காப்பதற்கு மாத்திரமல்ல, வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கடன்பட்டது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். சகோதரரே, உங்கள் மனைவி தலையைக் குனிந்ததன் பொருள் இதுவாக இருக்கக்கூடும்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த திருநாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகியவற்றோடு, கொழும்பின் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி விடுதிகளும் அன்று காலை தாக்கப்பட்டன. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நம் நாட்டவரும் இருந்தனர். அன்று மாலை ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவை சில நாட்கள் முடக்கப்பட்டன. வாட்ஸ்அப்பை மாத்திரம் நம்பிப் போனவரின் வீட்டில் அந்த நாட்கள் எவ்வாறு கழிந்திருக்கும்! ஆகையால் சாதாரண அழைப்புக்குரிய வசதியைப் புறப்படும் முன்னரே செய்துகொள்ளுங்கள். ரோமிங் ஆகட்டும், அங்கே வாங்கும் சிம் ஆகட்டும். இரண்டு மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைப்பேசி தொலைந்தால் அதிலுள்ள எண்களும் அதனோடு போய்விடும்.

ஆயருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

முதன்முறை செல்லும் நகரத்தில் பகலில் சென்று இறங்கும்படி விமானத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய் மிச்சம் என்று நள்ளிரவில் இறங்குவதில் இலாபமில்லை. அழைத்துச்செல்ல வண்டி வருமானால், ஓட்டுநர் உங்கள் பெயரைச் சொல்லட்டும், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். விடுதியில் தரைத்தளத்து அறையையும் மிக உயர்ந்த தளத்து அறையையும் தவிர்ப்பது நலம். முன்னதில் எவரும் எளிதாய் நுழையலாம், பின்னதைத் தீயணைப்பு ஏணி எட்டாது. அறைக்குள் பையை வைத்தவுடன் வெளியே வந்து, அவசரப் படிக்கட்டுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணிப் பாருங்கள். புகையில் கண் தெரியாது, கைதான் வழிகாட்டும். புதிதாய் அறிமுகமானவரோடு வியாபாரப் பேச்சை அவருடைய அலுவலகத்திலோ விடுதியின் முன்கூடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள், அறையில் வேண்டாம். நெகேமியாவைப்போல் கொஞ்சம் வாயடக்கமும் தேவை. "தமிழில் பேசினால் யாருக்குப் புரியும்" என்று வாடகை வண்டியில் அமர்ந்து தொகைகளைப் பேசுகிறவர்களை அறிவேன். கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஓட்டுநருக்கே தமிழ் தெரிந்திருக்கக்கூடும்! இருக்கும் இடத்தைப் படமெடுத்து உடனுக்குடன் ஊருக்கெல்லாம் அனுப்புவதையும் ஊர் திரும்பும்வரை ஒத்திவையுங்கள்.

பணத்தை எஸ்றாவைப்போல் பிரித்து வையுங்கள். வழிப்பறிக்காரன் கேட்டால் கொடுத்துவிடுவதற்கென்றே ஒரு சிறு பணப்பையும் இருக்கட்டும். அவனோடு வாதாடாதீர்கள். கடவுச்சீட்டின் நகல் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அது தொலைந்தால் முதலில் அவ்வூர்க் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, பின்பு இந்தியத் தூதரகத்துக்குச் செல்லுங்கள். தாய்நாடு திரும்புவதற்குரிய அவசரச் சான்றிதழை அங்கே தருவார்கள். காவல்துறையை அழைக்க இலங்கையில் 119. சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் மூன்றிலும் 999.

ஆபத்து எப்போதும் அந்நியனிடமிருந்து வருவதில்லை. "எங்கள் மகனுக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று விமான நிலையத்தில் ஒருவர் நீட்டுவார். அன்பின் நிமித்தம் மறுக்கத் தயங்குவோம். தயங்காமல் மறுங்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தியவருக்கு மரண தண்டனை. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்னும் வாதத்தை எளிதில் ஏற்கமாட்டார்கள். துபாய் செல்லும் சகோதரருக்கு ஒரு தனிக் குறிப்பு: நம் வீட்டுப் பெண்கள் அன்போடு கட்டித்தரும் மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அமீரகத்திலும் சவூதியிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். சில வலிநிவாரணி மாத்திரைகளுக்கும் தூக்க மாத்திரைகளுக்கும் அமீரகத்தில் முன்னனுமதி வேண்டும். மருத்துவரின் சீட்டை உடன் எடுத்துச்செல்லுங்கள்.

இனி வீட்டாரின் பங்கு. புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி மனைவியிடமோ பெற்றோரிடமோ கொடுங்கள்: விடுதியின் பெயர், விலாசம், தொலைபேசி, சந்திக்கப் போகிறவர்களின் பெயரும் நிறுவனமும், விமான எண்கள், கடவுச்சீட்டு நகல், அந்நகரத்து இந்தியத் தூதரகத்தின் எண், காப்பீட்டுப் பத்திரத்தின் எண். நாள்தோறும் இத்தனை மணிக்கு அழைப்பேன் என்று ஒரு வேளையைக் குறியுங்கள். அந்த வேளையில் அழைப்பு வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, அதன்பின் முதலில் யாரை அழைப்பது என்பதையும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பேசும்போது அந்தச் சகோதரிகள் அழக்கூடும். பேசாமல் போனால் நீங்கள் போனபின் தனியே அழுவார்கள். விடுதியும் அதிகாரிகளும் பதில் தராதபோது வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தாரே முறையிடலாம் என்பதையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் மாத்திரம் இருக்கும் குடும்பங்கள் அந்தத் தாளின் மறுபிரதியை ஓர் உறையில் ஒட்டி என்னிடம் தரலாம். உறையின் மேல் உங்கள் பெயரையும் திரும்பும் தேதியையும் மாத்திரம் எழுதுங்கள். சபை அலுவலகத்து அலமாரியில் பூட்டி வைப்பேன். நீங்கள் வந்து பெற்றுக்கொள்ளும்வரை, உங்கள் வீட்டார் கேட்டாலன்றி, அதைத் திறப்பதில்லை. கொழும்பு செல்லும் சகோதரர் வியாழக்கிழமை புறப்படுகிறார். அவருடைய உறை புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்கு முன் வந்துவிட்டால் நலம்.