கதிரையின் அடிப்பக்கம்

அந்தக் கதிரையை முதல்முறை தூக்கியபோது பின்பக்கமாக விழப் பார்த்தேன். மரக்கதிரை என்றால் இவ்வளவு பாரம் இருக்கும் என்று கை ஒரு கணக்கு வைத்திருக்கும். யாழ்ப்பாணத்தில் முதிரைக் கதிரைகளை இழுத்துப் பழகிய கை என்னுடையது. அந்தப் பலத்தைக் கொடுக்க, கதிரை நெஞ்சுவரை பறந்து வந்துவிட்டது.

மிலானோவில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வீடு அது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அதே மாதிரி ஆறு. கறுப்புச் சட்டம், பிரம்புப் பின்னல். வெள்ளிக்கிழமைகளில் கைக்கு ஒன்றாக இரண்டிரண்டாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நிலம் துடைப்பேன். வீட்டுவேலை செய்கிறவளுக்கு இதைவிட நல்ல கதிரை கிடைக்காது என்று நினைத்ததோடு சரி. அதற்கு ஒரு பெயரும் பிறந்த வருடமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு முன் ஆறு வருடம் பலெர்மோவில் இருந்தேன். அங்கே நான் துடைத்த தளபாடங்கள் வேறு சாதி. சிங்கக்கால் வைத்த பெரிய அலுமாரிகள். சிங்கத்தின் நக இடுக்கில் சேரும் தூசியைப் பழைய பற்தூரிகையால்தான் எடுக்க வேண்டும். ஒரு வீட்டில் நான்கு அலுமாரிகள், பதினாறு சிங்கக்கால்கள். செதுக்கியவனைத் திட்டாத நாளில்லை.

மிலானோ வீட்டின் வரவேற்பறையில் ஒரு விளக்கு நின்றது. ஒரு மூலையில் வெள்ளை மாபிள் கட்டி, அதிலிருந்து வில்லாக வளைந்து எழும்பும் உருக்குத் தண்டு, அறையின் நடுவுக்கு மேலே தொங்கும் விளக்கு. மாபிளில் ஒரு ஓட்டை இருந்தது. அலங்காரம் என்று எண்ணி விரலில் துணி சுற்றி உள்ளே துடைத்து வந்தேன். ஒருநாள் கம்பளத்தைக் கழுவக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கார சின்யோராவின் மகன் வந்தான். என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கினான். தும்பைக் கழற்றிவிட்டுத் தடியை அந்த ஓட்டைக்குள் நுழைத்தான். ‘நீங்கள் அந்த முனையைப் பிடியுங்கள்’ என்றான். 60 கிலோவுக்கு மேற்பட்ட மாபிள், தோளில் காவடி எழும்புவதுபோல எழும்பியது.

கஸ்திலியோனி சகோதரர்கள் 1962இல் வரைந்த ‘ஆர்கோ’ விளக்கு அது. தும்புத்தடிக்காகத்தான் அந்த ஓட்டையை வைத்தார்களாம். மாபிளின் கூர்மூலைகளைச் சீவிவிட்டிருப்பதும் நடக்கிறவர்களின் கால் இடிபடாமல் இருக்கத்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிய வந்தவை. சிங்கக்கால்காரனுக்கு இப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால் என் ஆறு வருடம் சுலபமாகக் கழிந்திருக்கும்.

பின்னால் தெரியவந்ததற்குக் காரணம் ஒரு பூச்சாடி. ஈரச்சாடியை வால்நட் மர மேசையில் நான்தான் வைத்தேன். மத்தியானம் எடுத்தபோது அதன் அடியில் வெள்ளை வட்டம். சின்யோரா ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நாலாம் நாள் பிரியான்சாவிலிருந்து ஒரு முதியவரை வரவழைத்தா. பிரியான்சா மிலானோவுக்கு வடக்கே இருக்கும் பகுதி. கந்தூ, லிசோனே, மேதா என்று வரிசையாக ஊர்கள், அத்தனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தளபாடத் தொழில்.

அவர் ஒரு பெட்டியைத் திறந்து, கம்பளி உருண்டையைப் பழைய லினன் துணியில் சுற்றினார். சாராயத்தில் கரைத்த ஏதோ ஒன்றை அதில் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். பிறகு மேசையின்மேல் வட்டம், எட்டு, மறுபடி வட்டம். கை நிற்கவே இல்லை. நின்றால் துணி ஒட்டிக்கொள்ளும், அடையாளம் விழும் என்றார். மணவறைக்கு முன் ஆராத்தி சுற்றும் பெண்களின் மணிக்கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. வெள்ளை வட்டம் கண்முன்னே மங்கிக்கொண்டு போயிற்று. ‘என்ன மருந்து?’ என்றேன். ‘கொம்மலாக்கா. உங்கள் பக்கத்தில் ஒரு பூச்சி தருவது.’ எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. அரக்கு! பதிவுத் தபாலில் சிவப்பாக உருக்கி முத்திரை குத்துவார்களே, அந்த அரக்கு.

அவர் உற்சாகமாகிவிட்டார். பக்கத்திலிருந்த கதிரையை எடுத்துத் தன் முழங்காலில் கவிழ்த்தார். கால்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வட்டமில்லை, சதுரமில்லை, முக்கோணம். தடிப்பு 18 மில்லிமீற்றர். ஆஷ் மரம். முழுக்கதிரையின் நிறை 1.7 கிலோ. ஜோ பொந்தி வரைந்து, மேதாவிலுள்ள கசீனா பட்டறை 1957இலிருந்து செய்கிற ‘சுப்பர்லெஜ்ஜேரா’. சொல்லுக்கே ‘மிக இலேசானது’ என்றுதான் அர்த்தம். பொந்தி இதை வெறும் தலையிலிருந்து எடுக்கவில்லை. கியாவரி என்ற கடற்கரை ஊரில் 1807இல் தெஸ்கால்சி என்ற தச்சர் செய்யத் தொடங்கிய மெல்லிய கதிரையை முன்னால் வைத்து, வருடக்கணக்காகச் சீவிச் சீவி எடுத்தார். ஆசனத்துப் பின்னல் ‘கன்னா திந்தியா’, அதாவது இந்தியப் பிரம்பு. போகும்போது சொன்னார்: ‘ஒரு சாமானைக் கவிழ்த்துப் பார்க்காமல் நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை சலோனேக்குப் போ. சனி, ஞாயிறில் பொதுச்சனத்தை விடுவார்கள்.’

சலோனே என்று மிலானோக்காரர் சுருக்கமாகச் சொல்வது ‘சலோனே தெல் மோபிலே’யை. இத்தாலியத் தளபாடத்தை வெளிநாட்டுக்கு விற்பதற்காக 1961இல் தொடங்கிய சந்தை. வழக்கமாக ஏப்ரலில் நடக்கும். தளபாடத்துக்கு இத்தாலியில் ‘மோபிலே’ என்று பெயர், அசையக்கூடியது. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சண்டையில் நாங்கள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது, ஓடாவியார் எங்கள் முற்றத்திலேயே இருந்து அம்மாவின் கலியாணத்துக்குச் செய்த அலுமாரி அசையாமல் நின்றது. திரும்பிப் போனபோது அது மட்டுமல்ல, கதவு நிலைகளும் இல்லை.

சொற்கள் அசைகிற விதம் வேறு. அலுமாரி இத்தாலியில் அர்மாதியோ. குசினி, குச்சீனா. கதிரையும் குசினியும் அலுமாரியும் போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனவை. அவர்கள் மொழியும் இத்தாலியனும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். வந்த புதிதில் ஏஜென்சிக்காரி ‘குச்சீனா தெரியுமா?’ என்று கேட்டபோது, இவளுக்கு எப்படி எங்கள் ஊர்ச்சொல் தெரியும் என்று விழித்தேன்.

சந்தை நடப்பது ரோவில், மெட்ரோ சிவப்புக்கோட்டின் கடைசித் தரிப்பு. 2005இல் திறந்த பிரமாண்டமான இடம். கட்டடக்கலைஞர் ஃபுக்சாஸ் வரைந்த கண்ணாடிக்கூரை ஒரு கிலோமீற்றருக்கும் மேலாக அலையலையாக ஓடுகிறது. எப்படித் துடைப்பார்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

முதல் இரண்டு மணித்தியாலம் வெறுத்துப்போனேன். மண்டபம் மண்டபமாக சோபாக்கள், குளத்தில் படுத்த எருமைகள்போல. எல்லாமே சாம்பலுக்கும் மண்ணுக்கும் நடுவிலான ஒரே நிறம். ஒரு வருடம் விளக்கு, மறுவருடம் குசினி என்று மாறி மாறி வைப்பார்கள். நான் போனது குசினி வருடம். அடுப்பு எங்கே என்று தெரியாத வெள்ளைக் குசினிகள். ஒரு கரண்டி கடுகு வெடித்தால் இவை என்ன கதிக்கு ஆளாகும் என்று யோசித்தவர் அங்கே ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. கறுப்புடுப்புப் பெடியன் ஒருவன் என் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைப் பார்த்துவிட்டு விலைப்பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

பிறகு ஒரு சிறிய கூடத்தில் லாச்சிகள் வைத்த பெட்டகம். மேல் லாச்சியைத் தள்ளினேன். கீழ் லாச்சி தானாக, மூச்சுவிடுவதுபோல, அரை விரற்கடை வெளியே வந்தது. அடைபட்ட காற்றுக்குப் போக வேறு வழியில்லை, அவ்வளவு இறுக்கமான பொருத்தம். லாச்சியைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. தகைவிலான் குருவியின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டியிருந்தன. ஒரு ஆணி இல்லை. சுவர்ப்பக்கம் போகப்போகிற பின்பலகையும் முன்பலகையின் வழுவழுப்போடு இருந்தது. எங்கள் ஓடாவியாரும் அலுமாரியின் முதுகைச் சீவிக்கொண்டிருந்தார். ‘ஆர் பாக்கப்போகினம்?’ என்று அப்பு கேட்டதற்கு, ‘கறையான் பாக்கும்’ என்றாராம்.

சலோனே சதெல்லித்தே என்று 35 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பகுதி. மார்வா கிரிஃபின் என்ற பெண்மணி 1998இல் தொடங்கியது. அங்கே பிள்ளைகள் தங்கள் சாமானுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பெருவிரலில் பிளாஸ்டர் சுற்றிய ஒரு பெட்டையிடம் கேட்டுக்கொண்டு அவளுடைய முக்காலியைக் கவிழ்த்தேன். அடியில் பசை வழிந்து காய்ந்திருந்தது. அவள் சிவந்துபோனாள். ‘நேற்று இரவு மூன்று மணி’ என்றாள். அன்று நான் பார்த்தவற்றில் அந்த முக்காலியில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்றுமட்டும் உறுத்தியது. அட்டைகளில் வரைந்தவர் பெயர் உண்டு, விற்பவர் பெயர் உண்டு, வருடம் உண்டு. செய்தவர் இல்லை. செய்தவர்களில் பெயர் எடுத்தவர் ஆயிரத்தில் ஒருவர். போவிசியோ மஷாகோ ஊரின் பியர்லூயிஜி கியாந்தா அப்படி ஒருவர், காயே அவுலென்தி போன்ற பெயர்பெற்ற வடிவமைப்பாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் தொழிலுக்கு இத்தாலியில் ‘எபனிஸ்தா’ என்று பெயர். எபனோ என்றால் கருங்காலி. எங்கள் காட்டு மரத்தின் பெயரில் இவர்கள் தங்கள் நல்ல தச்சரை அழைக்கிறார்கள். கருங்காலி என்று நாங்கள் அழைப்பதோ துரோகியை.

இரவு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பிரம்புக் கதிரையின் விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

‘ரூபாயிலயோ?’

‘இல்லையம்மா, யூரோ.’

‘பிரம்பு ஆர் பின்னுறது?’

‘அது எழுதியில்லை.’

‘ம்’ என்றா.

வெள்ளிக்கிழமை சின்யோரா வெளியே போனபிறகு ஆறு கதிரைகளையும் கம்பளத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். ஐந்தில், பின்னி முடித்த பிரம்பின் நுனி இடப்பக்கமாகச் செருகியிருந்தது. ஆறாவதில் வலப்பக்கம்.